ஓர் ஆயுளுக்கு எத்தனை கால்?

முப்பத்தேழு வயதில் ஒரு காலை இழந்தவருக்கு மிச்ச ஆயுளுக்கு எத்தனை செயற்கைக் கால்கள் வேண்டியிருக்கும்? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு எதிரான விபத்து வழக்கு அது. செயற்கைக் காலின் விலை 2,60,000 ரூபாய். உழைப்பது 5 அல்லது 6 வருடம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ஒருமுறை பழுது பார்க்க வேண்டும். தடவைக்கு 15,000 முதல் 20,000 வரை ஆகும். ஏற்கெனவே கொடுத்த தொகை 15 வருடத்துக்குத்தான் தாங்கும் என்று கண்ட நீதிபதிகள், மனுதாரர் 70 வயது வரையாவது வாழ்வார் என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்று கால்கள் வாங்க 7,80,000 ரூபாய், பராமரிப்புக்கு 5,00,000 ரூபாய் என்று உயர்த்திக் கொடுத்தார்கள்.

நல்ல தீர்ப்புதான். ஆனாலும் பேப்பரை எடுத்துக் கூட்டிப் பார்த்தால் இடிக்கிறது. 37-லிருந்து 70 வரை 33 வருடம். ஒரு கால் முழுசாக 6 வருடம் உழைத்தாலும் ஐந்துக்கு மேல் வேண்டும், கொடுத்தது மூன்றுக்கு. பழுதுபார்ப்பு வருடத்துக்கு ஒரே தடவை, அதுவும் குறைந்தபட்சமான 15,000 ரூபாயில் முடிந்துவிடும் என்று வைத்தால்தான் 33 வருடத்துக்கு 4,95,000 வருகிறது. மொத்தமாகக் கைக்கு வரும் பணம் வட்டி ஈட்டும் என்பதால் நீதிமன்றங்கள் கையை இறுக்குவதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் பேங்க் வட்டி ஏறும் வரை பொறுத்திருந்து கால் விலை ஏறுவதில்லை.

இருந்தாலும் அந்தத் தீர்ப்பைக் கால் இழந்தவர்களின் வீடுகளில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். செயற்கைக் கால் தேயும், உடையும், அளவு மாறும், மறுபடி வாங்க வேண்டும் என்பதை எண்ணால் எழுதிய தீர்ப்பு அது. விபத்து நஷ்டஈடு என்றால் பட்ட வலிக்கு ஆறுதலாக வரும் தொகை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உறுப்பு போனவருக்கு அதுதான் அடுத்த முப்பது வருடத்துக்கான பட்ஜெட். அந்த பட்ஜெட்டில் எதை எழுதினோம், எதை விட்டோம் என்பதில்தான் அவர் திரும்ப நடப்பதும் வேலைக்குப் போவதும் இருக்கிறது.

ஸ்டம்ப் சொல்லும் கணக்கு

செயற்கைக் கால் பொருத்தும் கூடத்தில் அரை நாள் உட்கார்ந்தால், பணம் எங்கெங்கே போகும் என்பது வக்கீலைவிட நன்றாகப் புரியும். வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் பகுதியை அங்கே எல்லோரும் ஸ்டம்ப் என்றுதான் சொல்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே போயிருந்தால் பி.கே., மேலே போயிருந்தால் ஏ.கே. இந்த இரண்டு எழுத்து வித்தியாசத்தில் வாழ்க்கையே மாறிவிடும். சொந்த முழங்கால் இருப்பவர் படியேறுவார், பஸ் பிடிப்பார். அது இல்லாதவர் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பிலிருந்து உந்த வேண்டும். அதே தூரத்தை நடக்க அவருக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும்.

தையல் பிரித்ததும் வேலை தொடங்கிவிடுகிறது. கிரேப் பேண்டேஜை எட்டு வடிவில், நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும். அப்போதுதான் வீக்கம் வடிந்து ஸ்டம்ப் கூம்பாக வரும். வீட்டில் இருப்பவர்கள் பாசத்தில் செய்யும் பெரிய தப்பு, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிடுவது. வலி குறைந்த மாதிரி இருக்கும். சில வாரத்தில் மூட்டு மடங்கிய வாக்கிலேயே இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு விலை கொடுத்துக் கால் வாங்கினாலும் நேராக நிற்க முடியாது. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிக்கொடுக்க ஆகும் செலவுதான் மறுவாழ்வின் முதல் பில். அந்த பில்லைப் பெரும்பாலும் யாரும் வாங்கிவைப்பதில்லை.

பிறகு ஸ்டம்பில் ஈர மாவுக்கட்டுச் சுற்றி அச்சு எடுப்பார்கள். அதை வைத்து சாக்கெட், அதாவது ஸ்டம்ப் போய் உட்காரும் கிண்ணம், தயாராகும். இணைக் கம்பிகளுக்கு நடுவே கண்ணாடியைப் பார்த்து நடக்கப் பழகுவார்கள். முதல் வருடத்தில் ஸ்டம்ப் இளைத்துக்கொண்டே போகும். காலையில் ஒரு சாக்ஸ் போட்டால் சரியாக இருந்த சாக்கெட், சாயங்காலம் மூன்று சாக்ஸ் போட்டாலும் லொடலொட என்று ஆடும். அதாவது முதல் சாக்கெட் எப்படியும் மாற்றப்படத்தான் போகிறது. இது குறை இல்லை, உடம்பின் இயல்பு. ஆனால் வழக்கில் தாக்கலாகும் எஸ்டிமேட்டில் முதல் காலின் விலை மட்டும் இருந்தால், இரண்டாவது சாக்கெட் சொந்தக் காசில்தான்.

இல்லாத காலில் வலி எடுப்பது தனி வேதனை. போன பாதத்தின் விரல் இடுக்கில் அரிப்பதாகச் சொல்வார்கள். குடும்பத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் அமெரிக்காவில் இருந்துகொண்டு, இதற்கு ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்துச் சிகிச்சை சொன்னார். இருக்கும் கையின் பிம்பம், இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை வைத்து அசைக்கச் சொல்வது. மூளை அதைப் பார்த்து ஏமாந்து, பலருக்கு வலி தளர்கிறது. இந்த வலிக்கு மாத்திரையும் கவுன்சலிங்கும் வருடக்கணக்கில் வேண்டியிருக்கலாம். எதிர்கால மருத்துவச் செலவு என்ற தலைப்பு விபத்துச் சட்டத்தில் இருப்பது இதற்காகவும்தான்.

தச்சருக்கு 100, குமாஸ்தாவுக்கு?

மெடிக்கல் போர்டு ஊனத்தைச் சதவீதத்தில் எழுதிக் கொடுக்கும். பலரும் வழக்கு அந்தச் சதவீதத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்தது. உடம்பில் எத்தனை சதவீதம் போனது என்பது ஒன்று. சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை போனது என்பது வேறு. அந்தத் தீர்ப்பே சொன்ன உதாரணம்: இடது கை போனால் ஊனம் சுமார் 60 சதவீதம். அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்து, இனி அந்த வேலையைச் செய்ய முடியாது என்றால் வருமான இழப்பு ஏறத்தாழ 100 சதவீதம். அரசாங்க குமாஸ்தாவாக இருந்து வேலையில் தொடர்ந்தால் 60-ஐவிட மிகவும் குறைவு.

தச்சர் உதாரணத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. ஒடிசாவில் சினிமா தியேட்டர் ஒன்றில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். தொழிலாளர் இழப்பீட்டு அட்டவணைப்படி அது பகுதி ஊனம்தானே என்று முதலாளி தரப்பு வாதாடியது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனமே என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. அரை நூற்றாண்டுக்கு முன் தீர்ந்த கேள்வியை இன்றும் ஒவ்வொரு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் புதிதாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

2020-இல் வந்த வழக்கு அதற்குச் சாட்சி. இருபது வயது டைப்பிஸ்ட், டேட்டா என்ட்ரி வேலை. வலது கை போய்விட்டது. ஊனம் 89 சதவீதம் என்று சான்று. உயர் நீதிமன்றம் வருமான இழப்பை 45 சதவீதமாகக் குறைத்தது. டைப் அடிப்பவருக்குக் கை போனால் என்ன மிச்சம் என்று யோசிக்க வேண்டாமா? உச்ச நீதிமன்றம் அதை 65 ஆக உயர்த்தியது. படித்த இளைஞரின் எதிர்கால முன்னேற்றத்தையும் வருமானத்தோடு சேர்க்க வேண்டும் என்றது.

சதவீதம் எவ்வளவு பணமாக மாறும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். மாதம் 18,000 ரூபாய் சம்பாதிக்கும் 32 வயது லோடு ஆட்டோ டிரைவர் என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழே. எனவே 2017 தீர்ப்பின்படி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 25,200. வருடத்துக்கு 3,02,400. இந்த வயதுக்கு 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கெண் 16. ஆக 48,38,400. இதில் 60 சதவீதம்தான் இழப்பு என்று முடிவானால் 29,03,040. முழு இழப்பு என்றால் அத்தனையும். வித்தியாசம் 19 லட்சத்துக்கு மேல். அந்த 19 லட்சம், டிரைவர் லைசென்ஸைத் தாக்கல் செய்தாரா, லோடு ஏற்றுவது யார் என்று சாட்சி சொன்னாரா, இனி கிளட்ச் மிதிக்க முடியாது என்று டாக்டரைச் சொல்லவைத்தாரா என்பதில் தொங்குகிறது.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ‘கம்பு இல்லாமல்தானே கூண்டு ஏறினீர்கள்?’ ‘வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை எதுவும் தெரியாதா?’ பொருத்திய கால் நன்றாக இருந்தால் இழப்பு குறைவு என்று காட்ட இந்தக் கேள்விகள். நன்றாக நடக்கப் பழகியவருக்கு அதனாலேயே தொகை குறைந்துவிடக் கூடாது. அவர் நடப்பது, தேய்ந்துகொண்டிருக்கும் ஒரு பொருளின் மேல் நின்றுகொண்டு. அதை மாற்றக் காசில்லாத நாளில் அவர் நடக்க மாட்டார். இதை எடுத்துச் சொல்ல வேண்டியது கால் பொருத்துநர். அவரைச் சாட்சியாக அழைக்கும் வக்கீல்கள் குறைவு.

சம்பளச் சீட்டு இல்லாதவர்களில் பெரிய கூட்டம் இல்லத்தரசிகள். கை போன பெண் சோறு வடிக்க முடியாமல், குழந்தையைத் தூக்க முடியாமல் இருப்பதற்கு எவ்வளவு போடுவது? வீட்டு வேலைக்கு மதிப்பிட்டு வருமானம் நிர்ணயிக்க வேண்டும், அதோடு எதிர்கால உயர்வையும் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொல்லிவிட்டது. அது உயிரிழப்பு வழக்கு. ஆனால் அதே அளவுகோலை உறுப்பு இழப்புக்கும் கேட்டு வாங்கலாம்; கேட்க வேண்டும்.

பிரஸ் மிஷினும் தசமப் புள்ளியும்

சாலையில் போன காலுக்கு ஒரு சட்டம் என்றால், பட்டறையில் போன கைக்கு வேறு. அம்பத்தூர், ஓசூர், கோவைப் பக்கம் பவர் பிரஸ் ஓடும் சின்னப் பட்டறைகளில் விரல் போவது ஊரறிந்த விஷயம். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம்தான் இவர்களுக்குத் துணையாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தின் அட்டவணை வாசிக்க விசித்திரமானது. கட்டைவிரல் முழுசாகப் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் 14, ஒரு கை மணிக்கட்டோடு போனால் 60, தோள் மூட்டோடு போனால் 90. தோள் நுனியிலிருந்து 20.32 சென்டிமீட்டர் என்று ஓர் அளவு வரும். பழைய 8 அங்குலத்தை சென்டிமீட்டராக்கியபோது ஒட்டிக்கொண்ட தசமம்.

இங்கே கணக்கு எளிது, தொகை சிறிது. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது 2020 முதல் இருந்த உச்சவரம்பு. முப்பது வயது பிரஸ் ஆபரேட்டருக்கு ஒரு கை போனால் 15,000-இல் 60 சதவீதம், அதை வயதுக்கான 207.98 என்ற எண்ணால் பெருக்கி, அதில் கைக்கான 60 சதவீதம். ஆக 11,23,092 ரூபாய். மருத்துவச் செலவு தனி. மின்சாரத்தில் இயங்கும் நவீன செயற்கைக் கை ஒன்று இதில் எவ்வளவை விழுங்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் முதலாளி பணம் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டியும், நியாயமான காரணம் இல்லையென்றால் பாதித் தொகை வரை அபராதமும் உண்டு. விபத்தையே பதிவு செய்யாமல், ‘ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பேசி அனுப்புவது இந்த வட்டிக்கும் அபராதத்துக்கும் பயந்துதான்.

மாறாக, இ.எஸ்.ஐ. பிடித்தம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவர் பாக்கியசாலி. செயற்கை உறுப்பு அதில் மருத்துவ உதவியின் பகுதி. தேய்ந்தால் மறுபடி கேட்கலாம். நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் ஆயுள் முழுக்கப் பணம் வரும். பெரிய தொகையாகக் கையில் வந்து கடன்காரரிடம் போவதைவிட இது கால் இழந்தவருக்குப் பொருத்தமானது என்பது என் அபிப்பிராயம். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களே என்று அலுத்துக்கொள்பவர்கள் ஒரு நிமிடம் இதை யோசிக்கலாம்.

ரயிலிலிருந்து விழுந்து உறுப்பு போனால் ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயம். அங்கே உச்சமே 8 லட்சம். மின்கம்பி பட்டுப் போனால் மின்வாரியம் தன் தப்பு இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. ஆபத்தான பொருளைக் கையாள்பவருக்கு முழுப் பொறுப்பு என்பது நிலைபெற்ற சட்டம்.

கால் வேண்டும் இன்று, பணம் வரும் நாளை

இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை காலம். ஸ்டம்ப் ஆறி, முதல் கால் பொருத்த உகந்த காலம் சில மாதங்கள். அதைத் தவறவிட்டால் தசை மெலியும், மூட்டு இறுகும், ஆள் மனசு விட்டுப்போய் மூலையில் உட்கார்ந்துவிடுவார். தீர்ப்பாயத்தின் அவார்டு வருடங்கள் கழித்து வரும். அதன் மேல் உயர் நீதிமன்றத்தில் அப்பீல். அரசு பஸ் மோதியிருந்தால் இன்னொரு கட்டமும் உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனி நிதி வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் எடுக்காமலிருக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. நிதியில் பணம் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை நாம் அடிக்கடி செய்தியில் படிக்கிறோம்: கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, புறப்படத் தயாராக நிற்கும் பஸ்ஸை ஜப்தி செய்து, நீதிமன்ற வளாகத்துக்கு ஓட்டிவரச் செய்வார். பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்ட பயணிகள் சபித்துக்கொண்டே அடுத்த பஸ் தேடுவார்கள். ஒருவருடைய செயற்கைக் கால் அந்த பஸ்ஸுக்குள் இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

பிரிட்டனில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1999-இல் தொடங்கி, இப்போது 2015 பதிப்பாக நடைமுறையில் இருக்கும் மறுவாழ்வு நெறிமுறைப்படி, யார் மேல் தப்பு என்ற சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும், காயம்பட்டவருக்கு என்ன சிகிச்சை, என்ன உபகரணம் தேவை என்று முதலிலேயே மதிப்பிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனி அதற்குப் பணம் விடலாம். சட்டக் கட்டாயம் இல்லை, இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட நடைமுறை. சீக்கிரம் நடக்கவைத்தால் பிறகு கொடுக்க வேண்டிய வருமான இழப்பு குறையும் என்பதால் கம்பெனிக்கும் லாபம். தவிர, 2005 முதல் அங்கே நீதிமன்றம் மொத்தத் தொகைக்குப் பதிலாக வருடா வருடம் கொடுக்கும்படி உத்தரவிடலாம். நம் ஊரில் இதற்குப் பக்கத்தில் வருவது டெல்லி உயர் நீதிமன்றம் வழியே பிறந்த, நஷ்டஈட்டை மாதத் தவணையாகத் தரும் வங்கி வைப்புத் திட்டம். நாடெங்கும் கொண்டுவரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2019-இல் உத்தரவிட்டது.

நம் சட்டமும் வேகத்தை எழுதித்தான் வைத்திருக்கிறது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். நடைமுறையில் எஃப்.ஐ.ஆர். நகலுக்கே ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. அதே ஏப்ரலில் இன்னொன்றும் வந்தது: விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப்போட வேண்டும் என்ற கெடு. அது செல்லுமா என்பது உச்ச நீதிமன்றத்தில் கேள்வியாக நிற்கிறது. கால் போய் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைபவருக்கு 6 மாதம் என்பது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். முடிவு எப்படி வந்தாலும், கெடுவுக்குள் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

இடைப்பட்ட காலத்தைக் கடக்க இருப்பவை சிறு துண்டுகள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிறது. சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகவும் செயற்கைக் கால் இலவசமாகக் கிடைக்கும். 1960-களின் கடைசியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம், சம்மணமிட்டு உட்காரவும் வெறுங்காலோடு வயலில் இறங்கவும் ஏற்றது. இலவசக் காலை வாங்கினால் வழக்கில் தொகை போய்விடும் என்று பயந்து ஊன்றுகோலோடே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. பயம் வேண்டாம். முதல் காலை எங்கே வாங்கினாலும் நடக்கத் தொடங்குங்கள். தீர்ப்பாயத்தில் கேட்பது உங்கள் வேலைக்கும் வயதுக்கும் ஏற்ற அடுத்தடுத்த கால்களின் விலையை.

இன்னும் இரண்டு காப்பீடுகளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தானே பைக் ஓட்டிப் போய் வழுக்கி விழுந்தவர் யார் மேலும் கேஸ் போட முடியாது. ஆனால் உரிமையாளர் – ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சத்துக்கு இருக்கும். ஒரு கையோ காலோ போனால் அதில் பாதி, 7,50,000 ரூபாய். பாலிசித் தாளின் மூலையில் இருக்கும் அந்த வரியைப் படிக்காததால் கேட்காமல் விட்டவர்கள் ஏராளம். மற்றது, பேங்க் கணக்கிலிருந்து வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா. ஒரு கையோ காலோ போனால் 1 லட்சம். மோதிவிட்டுப் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் பலத்த காயத்துக்கு அரசு தருவது 50,000 ரூபாய்தான். செயற்கைக் காலை விடுங்கள், ஒரு நல்ல சாக்கெட்டுக்கே அது பற்றுமா என்று பொருத்தும் இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஃபைலில் என்ன இருக்கிறது?

அரசு ஆஸ்பத்திரி வாசல்களில் விபத்து கேஸ் பிடிக்கும் புரோக்கர்களைப் பார்க்கலாம். கட்டில் ஓரத்தில் வந்து நின்று வெற்றுத் தாள்களில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுவார்கள். ஜெயித்த தொகையில் பங்கு கேட்பதை வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதி தடை செய்திருக்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. புரோக்கர் ஃபைலில் ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, அவசரத்தில் வாங்கிய ஊனச் சான்று மூன்றும்தான் இருக்கும். சிகிச்சை தராத டாக்டர்கள் ரெடிமேடாகக் கொடுக்கும் ஊனச் சான்றுகளை நம்பும் முன் எச்சரிக்கை வேண்டும் என்று தச்சர் உதாரணம் சொன்ன அதே 2010 தீர்ப்பு தீர்ப்பாயங்களுக்கே சொல்லியிருக்கிறது. சான்று சந்தேகத்துக்குள்ளானால் மொத்தக் கேஸும் ஆட்டம் காணும்.

கால் பொருத்தும் மையத்திலிருந்து எழுத்தில் வாங்க வேண்டியது எஸ்டிமேட் மட்டும் போதாது. இந்த மாடல் எத்தனை வருடம் உழைக்கும், சாக்கெட் எப்போது மாற்ற வேண்டும், லைனரும் (ஸ்டம்ப் மேல் மாட்டும் உறை) சாக்ஸும் வருடத்துக்கு எவ்வளவு, ஏன் இந்த வேலைக்கு இந்த மாடல்தான் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஏ.கே. ஆளுக்கு முழங்கால் பகுதிதான் விலையில் பெரும்பங்கு. சென்னை ஐ.ஐ.டி. 2022-இல் வெளியிட்ட ‘கதம்’ மாதிரி உள்நாட்டு முழங்கால் இருக்கும்போது வெளிநாட்டுச் சரக்கு எதற்கு என்று எதிர்த்தரப்பு கேட்டால், பதில் பொருத்துநரின் கையெழுத்தோடு ஃபைலில் இருக்க வேண்டும். ஆட்டோவில் பிசியோதெரபிக்குப் போய்வந்த செலவு, துணைக்கு வந்த தம்பி லீவு போட்டதில் போன கூலி, வீட்டுக் கழிப்பறையை வெஸ்டர்னாக மாற்றிய பில், வாசற்படிக்குப் போட்ட சாய்தளம் எல்லாமே கேட்கத்தக்கவை. ‘இதெல்லாம் எதுக்குண்ணே’ என்று கிழித்துப் போடும் சீட்டுகள் இவை.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்பதும் தடையாக இருக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அரசு வேலையில் இருப்பவர் என்றால் இன்னொரு பாதுகாப்பு: பணிக்காலத்தில் உறுப்பு போனதற்காக அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் சொல்கிறது. டிரைவராக இருந்தவரை டெப்போவில் வேறு வேலைக்கு அதே சம்பளத்தில் மாற்ற வேண்டும். நஷ்டஈடு எவ்வளவு வந்தாலும், காலையில் எழுந்து போவதற்கு ஒரு வேலை இருப்பது தனி மருந்து.

குழந்தைகளின் கணக்குத்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். வளரும் பிள்ளைக்குச் செயற்கைக் கால் ஒரு வருடத்தில் குட்டையாகிவிடும். ஏழு வயதில் கால் போனால், பதினெட்டு வயது ஆவதற்குள் பத்துக் காலாவது தேவைப்படலாம். 2013-இல் உச்ச நீதிமன்றம் குழந்தைகளின் ஊனத்துக்குச் சதவீத வாரியாக 1 லட்சத்திலிருந்து 6 லட்சம் வரை தொகையை வகுத்தது. பிறகு வந்த தீர்ப்புகள் அதைத் தாண்டி, பிள்ளையின் எதிர்கால வருமானத்தைத் திறன் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை வைத்து மதிப்பிடத் தொடங்கியிருக்கின்றன. நல்ல மாற்றம். ஆனால் அவார்டு ஆன பணம் பிள்ளை மேஜராகும் வரை தேசிய வங்கியில் வைப்பில் கிடக்கும். வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பாவோ அம்மாவோ எடுத்துக்கொள்ள அனுமதிப்பார்கள். அந்த வட்டி ஒரு காலுக்குப் போதாத வருடத்தில், அசலிலிருந்து எடுக்கத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். இது தெரியாமல் வட்டிக்குக் கடன் வாங்கிக் கால் வாங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். மனுவோடு பொருத்தும் மையத்தின் எஸ்டிமேட், போன வருடக் காலுக்கும் இந்த வருட உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் அளவுச் சீட்டு, டாக்டரின் ஒரு பக்கக் கடிதம் மூன்றையும் இணைத்துக் கொடுத்தால், நீதிபதிக்கு முடிவெடுக்க வேண்டியது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.